‘போதும்’ சொல்லும்வரை ‘வா’

என் அண்ணன் லாரிக்குப் பின்னால் நின்று ‘வா’ என்று ஒரு குரல் கொடுத்தால் எதிரே இருக்கும் மலை நாலடி நகர்ந்து வரும். கடலும் வரும், நிறுத்த இடம் இல்லாததால் அவன் இதுவரை கூப்பிடவில்லை. காலையில் சூரியன் மேலே ஏறுவதுகூட இவன் எங்கேயோ நின்றுகொண்டு ‘வா, வா, கொஞ்சம் ஒடிச்சு வா’ என்று சொல்வதால்தான் என்று நம்பும் ஒரு கட்சி எங்கள் தெருவில் இருக்கிறது. இப்போதைக்கு அந்தக் கட்சியில் நான் ஒருத்திதான் உறுப்பினர்.

இத்தனை பெருமைக்கும் உரிய ஆளின் பெயர் ஏணி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவனே வழிவிட்டு ஒதுங்கி நிற்பான். உயரம் அப்படி. எங்கள் வீட்டு வாசல்காலில் அவன் நெற்றி இடித்து இடித்து ஓரிடத்தில் மட்டும் சாயம் போய் மரம் தெரிகிறது. நான் அவனுக்குத் தங்கை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவருக்கொருவர் கும்பிடு போட்டுப் பிரிந்துவிட்டோம். இதில் வரும் எழுத்துப் பிழைகளுக்குப் பள்ளிக்கூடமே பொறுப்பு.

ஏணி பட்டிக்காட்டிலிருந்து ஓடிவந்தவன். ஓடிவந்தான் என்று நான் சொல்வது ஒரு மரியாதைக்காக. நடந்தது என்னவென்றால், அவன் தூங்கிவந்தான். எங்கள் ஊரில் அப்போது அவன் வேலை ஆடு மேய்ப்பது. ஆடுகள் புல்லைப் பார்க்கும், இவன் சாலையைப் பார்ப்பான். அந்தச் சாலையில் ஒரு நாள் வெங்காய மூட்டை ஏற்ற ஒரு லாரி வந்தது. அதை ஓட்டி வந்தவருக்கு சைலன்சர் என்று பெயர். லாரியில் அந்தச் சாமான் சத்தத்தைக் குறைக்க வைத்திருப்பது. இந்த மனிதரோ தூங்கும்போதுகூடச் சத்தமாகத் தூங்குவார். லாரி அவருடையதுதான், கடனும் அவருடையதுதான், கோபமும் அவருடையதுதான்.

“டேய், நீதான் ஏணியாட்டம் இருக்கியே, மேல ஏறி அந்தத் தார்பாயைக் கட்டு!” என்று அவர் போட்ட சத்தத்தில்தான் பெயர் பிறந்தது. ஏணி ஏறினான், கட்டினான், மூட்டை மெத்தென்று இருக்கிறதே என்று ஒரு நிமிடம் சாய்ந்தான். கண் விழித்தபோது மூக்குக்கு நேரே கரண்டுக் கம்பிகள் ஓடிக்கொண்டிருந்தன. நகரம் வந்துவிட்டது.

“யாருடா நீ?” என்றார் சைலன்சர், மூட்டை இறக்க வந்த இடத்தில்.

“நீங்கதானே அண்ணே ஏறச் சொன்னீங்க.”

“ஏறுன்னு சொன்னேன். அப்புறம் இறங்க வேண்டியதுதானே?”

“இறங்குன்னு நீங்க சொல்லலையே.”

சைலன்சர் அவனை மேலும் கீழும் பார்த்தார். மேலிருந்து கீழே வருவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. சொன்னதைச் செய்துவிட்டு, சொல்லாததைச் செய்யாமல் நிற்கும் ஆளை அவர் அதுவரை பார்த்ததில்லை. அங்கேயே கிளீனர் வேலை கொடுத்துவிட்டார்.

ஊரில் அம்மா கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்து, உடம்பெல்லாம் கிரீஸும் முகமெல்லாம் சிரிப்புமாக ஏணி வந்து நின்றான். அம்மா முதலில் ஒரு அறை கொடுத்தாள், பிறகு சோறு போட்டாள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கைதான். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அவன் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு அம்மாவையும் என்னையும் நகரத்துக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். லாரி ஷெட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு அறை. பக்கத்துச் சுவர் டயர்க் கடை. வெள்ளைத் துணியைக் காயப் போட்டால் மாலைக்குள் சாம்பல் நிறமாகிவிடும், அதனால் நாங்கள் சாம்பல் நிறத்திலேயே துணி வாங்கப் பழகிவிட்டோம்.

கிளீனர் என்றால் துடைப்பவன் என்று நினைக்காதீர்கள். துடைப்பது அந்த வேலையில் கடைசி. மேட்டில் வண்டி நின்றால் குதித்து ஓடி சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய வேலை, வண்டி பின்னால் வரும்போது டிரைவருக்கு முதுகில் கண்ணாக இருப்பது. இதற்கு சைலன்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

“பின்னாடி நிக்கிறவன் வான்னு சொல்லிட்டான்னா நான் கண்ணை மூடிக்கிட்டு வருவேன். அவன் போதும்னு சொல்லும்வரை வாதான். நடுவுல நீ தும்மினாலும் வா, விக்கினாலும் வா. புரியுதா?”

ஏணிக்குப் புரிந்தது. அவனைப்போல் ‘வா’ சொல்ல அந்த ஷெட்டில் ஆள் கிடையாது. ஒரே எழுத்துதான், நீட்டினால் மெதுவாக வா, குறுக்கினால் சட்டென்று வா, கடைசியில் தூக்கினால் பள்ளம் இருக்கிறது பார்த்து வா. மற்ற லாரிக்காரர்கள்கூட நெருக்கடியான சந்துக்குள் போக வேண்டுமென்றால் ஏணியைக் கடன் கேட்பார்கள்.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு தடவை ‘போதும்’ சொல்ல மறந்தான்.

அன்றைக்குக் கண்ணாடிக் கடைத் தெருவில் சரக்கு இறக்க வேண்டும். தெருவில் லாரி நுழைந்தால் ஒரு பக்கம் கடைப் படிகள் உரசும், மறுபக்கம் ஒரு ஆள் உடம்பை ஒடுக்கிக்கொண்டு நடக்கலாம். ஏணி பின்னால் நின்று தொண்டையைத் திறந்தான்.

“வா... வா... வா... கொஞ்சம் ஒடிச்சு வா... பயப்படாம வா, நான் இருக்கேன்ல... அப்படித்தான், அழகா வா!”

லாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று நடந்து வந்தது. அதன் அடியில் இரண்டு பாதங்கள். இரண்டு ஓரங்களிலும் துணி சுற்றிய விரல்கள். நடுவில் வாயைப் பிளந்துகொண்டு நின்ற ஏணியின் முகம்.

கண்ணாடி பேசியது. “யாரைடா வா வான்னு கூப்பிடற? இதுல அழகா வேற வரணுமா உனக்கு?”

“ஐயோ, உங்களை இல்லைங்க.”

“இந்தச் சந்துல என்னை விட்டா வேற யாரு வரா?”

“லாரி வருதுங்க.”

அவள் கண்ணாடியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். ஏணியும் அவள் முகத்தைப் பார்த்தான். லாரி மட்டும் யாரையும் பார்க்காமல், கடைசியாகக் கேட்ட ‘வா’வை நம்பி வந்துகொண்டே இருந்தது. கடைசியில் கடையின் பெயர்ப் பலகையில் போய் முட்டித்தான் நின்றது. ‘கண்ணாடிக் கடை’ என்ற பலகையின் முன்பாதி கீழே விழுந்து, மேலே ‘கடை’ மட்டும் தொங்கியது.

கடைக்காரர் வெளியே வந்தார். அந்தப் பெண்ணின் அப்பா. பலகையைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், ஏணியை அண்ணாந்து பார்த்தார்.

“கடைன்னாவது மிச்சம் வெச்சியே தம்பி, ரொம்ப நன்றி” என்றார்.

சைலன்சர் குதித்து இறங்கி வந்தார். “ஏண்டா போதும் சொல்லலை?”

“வாய் வரலை அண்ணே.”

“ஏன், எதைப் பார்த்து?”

ஏணி கையை நீட்டினான். அதற்குள் அவள் கண்ணாடியைத் தூக்கி மறுபடி முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். சைலன்சர் அதில் தெரிந்த ஏணியின் முகத்தையும் ஏணியையும் மாறி மாறிப் பார்த்தார். “இதுக்கா பயந்த? தினமும் நாங்க பார்க்கலையா?”

அதற்குப் பிறகு எங்கள் ஒற்றை அறைக்குள் கண்ணாடிகள் வர ஆரம்பித்தன. முகம் மழிக்க ஒன்று என்றான். பிறகு அம்மா தலை வார ஒன்று. பிறகு ஜன்னல் பக்கம் ஒன்று, கதவுக்குப் பின்னால் ஒன்று. அம்மா அடுப்படியில் திரும்பினால் எதிரே அம்மா நின்றாள்.

“வீட்டுல இருக்கிறதே மூணு மூஞ்சி” என்றாள் அம்மா. “அதுலயும் ரெண்டு பார்க்கிற மாதிரி இல்லை. எதுக்குடா இத்தனை கண்ணாடி?”

“ஒண்ணு உடைஞ்சா இன்னொண்ணு இருக்கட்டும்னுதான்மா.”

“எல்லாம் உடைஞ்சாலும் நீ போய் வாங்கிட்டுதான் வருவ. எனக்குத் தெரியாதா?”

வாங்குவதற்குக் கண்ணாடி தீர்ந்துபோன நிலையில், என்னைச் சாக்காக வைத்து ஒரு தடவை போனான். “என் தங்கச்சிக்கு இங்க வேலை கிடைக்குமா?” என்று கேட்டிருக்கிறான். கிடைத்துவிட்டது. வெட்டிய கண்ணாடியின் ஓரம் கத்திபோல் இருக்கும். அதைத் தண்ணீர் தொட்ட கல்லால் தேய்த்து மழுக்க வேண்டும். கடையின் பின்கட்டில் உட்கார்ந்து நான் தேய்ப்பேன். முன்கட்டில் பெரிய மேசைமேல் கடைக்காரர் மகள் வெட்டுவாள், எனக்கு அவள் அக்கா. சின்னச் சக்கரம் வைத்த வெட்டுக்கோலை எண்ணெயில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. அதே கோட்டின்மேல் இன்னொரு தடவை இழுத்தால் கண்ணாடி சொன்ன பேச்சு கேட்காது, தன் இஷ்டத்துக்கு உடையும். அக்கா எதையும் இரண்டாம் தடவை செய்யமாட்டாள். பேச்சும் அப்படித்தான்.

ஏணி பாவம், இது தெரியாமல் தினமும் வந்து நின்றான். உதவி செய்வது என் கடமை என்று நினைத்தேன். “அக்காவுக்குச் சத்தம் போடாம நடக்கிறவங்களைத்தான் பிடிக்குமாம்” என்று சொல்லி வைத்தேன். ஒரு வாரம் நுனிக்காலில் நடந்து வந்தான். அந்த உயரத்துக்கு மேல் இன்னும் நாலு விரல்கடை உயர்ந்து, கடைக்குள் பூனைபோல் நுழைவான். வாடிக்கையாளர்கள் பையை மடியில் இறுக்கிக்கொண்டார்கள்.

“உங்க அண்ணனுக்குக் கால்ல ஏதாவது முள்ளா?” என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

“மனசுலக்கா” என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. வெட்டுக்கோல் மட்டும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தாண்டி மேசையில் போய்த் தோய்ந்தது. நான் பார்த்துவிட்டேன்.

கடைசியில் ஒரு மதியம், யாருடைய யோசனையும் இல்லாமல் அவனே கேட்டான். அப்பாக்காரர் சாப்பிடப் போயிருந்தார். பின்கட்டில் என் கல் தானாக நின்றுவிட்டது.

“எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதுங்க. உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசை. உங்களுக்குச் சம்மதம்னா உங்க அப்பாகிட்ட வரேன்.”

அக்கா கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்தாள். பிறகு சொன்னாள். “உங்க மேல கோபம் எல்லாம் இல்லைங்க. ஆனா அன்னைக்கு என் முகத்தைப் பார்த்ததும் வேலையை மறந்தீங்க. நாளைக்கு வேலையைப் பார்த்ததும் என் முகத்தை மறந்துடுவீங்க. ரெண்டுல ஒண்ணை மறக்கிற ஆளை நம்பி நான் எப்படி வர்றது?”

ஏணி திரும்பினான். சத்தம் வரும்படி நடந்து வெளியே போனான். அன்றிலிருந்து நான் அவனுக்கு யோசனை சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் கண்ணாடி வாங்கப் போகவில்லை. இரவல் புத்தகம் வைத்துப் படித்து, வாயால் சாலைக் குறிகளை ஒப்பித்து, கனரக வண்டி ஓட்டும் லைசென்ஸ் வாங்கினான். சைலன்சரிடம் கொண்டுபோய் நீட்டினான்.

“நல்லா இருக்குடா போட்டோ” என்றார் அவர். “தலைக்கு வெச்சுத் தூங்கு. வண்டியை நான் ஓட்டறேன்.”

ஸ்டீரிங்கை அவனிடம் விடவே இல்லை. ஏணி பழையபடி பின்னால் நின்று ‘வா’ சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த நிலையில்தான் மலைமேல் இருந்த பள்ளிக்கூடத்துக்குக் கண்ணாடி கேட்டு ஆள் வந்தது. புயலில் அத்தனை ஜன்னலும் போய்விட்டதாம். பள்ளி திறப்பதற்குள் மாட்டித் தர வேண்டும். அக்காவின் அப்பா தன்னிடம் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு லாரி நிறையக் கண்ணாடி வரவழைத்தார். உடைந்தால் கடைப் பலகையில் மிச்சமிருக்கும் ‘கடை’யும் போய்விடும். அளந்து பொருத்த அக்கா வருகிறாள். ஜன்னல் சட்டத்தில் கண்ணாடியை ஒட்டும் பசைக்கு மக்கு என்று பெயர். மக்கு பிசைய ஒரு மக்கு வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

கண்ணாடிகளை மரச் சட்டத்தில் நிற்கவைத்து, நடுநடுவே சாக்குத் துணி கொடுத்துக் கட்டியிருந்தது. ஏணிதான் கட்டினான். முன்னால் சைலன்சர் ஓட்ட, நடுவில் நாங்கள் இரண்டு பேர், ஜன்னல் ஓரம் ஏணி. வழி முழுக்க அவன் அக்கா பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு மேட்டிலும் குதித்து இறங்கிக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து ஏறினான்.

மலைப்பாதையில் பாதிக்கு மேல் ஏறியபோது வண்டி நின்றது. எதிரே சாலை இல்லை. முந்தின நாள் மழையில் மேலேயிருந்து மண்ணும் பாறையும் சரிந்து சாலையின் முக்கால்வாசியை எடுத்துக்கொண்டு போயிருந்தன. மேலே இருந்து சின்னச் சின்னக் கற்கள் இன்னும் உருண்டுகொண்டிருந்தன. பார்த்து வருகிறேன் என்று இறங்கிய சைலன்சர் அந்தக் கற்களில் கால் வைத்தார். போட்ட சத்தத்தில் இன்னும் நாலு கற்கள் விழுந்தன. கணுக்கால் பானைபோல் வீங்கிவிட்டது. ஏணி அவரைத் தூக்கிக்கொண்டு வந்து சீட்டில் உட்கார வைத்தான்.

ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. திருப்ப இடம் கிடையாது. கீழே சில வளைவுகள் தாண்டி, பழைய கல் உடைக்கும் இடம் ஒன்று அகலமாக இருந்தது. அதுவரை பின்பக்கமாகவே இறங்கியாக வேண்டும். தலைக்கு மேலே மலை கற்களைப் போட்டுக்கொண்டிருந்தது; நின்றுகொண்டும் இருக்க முடியாது.

சைலன்சர் காலை கிளட்ச்மேல் வைத்து அழுத்திப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அந்த மனிதர் தன் பெயருக்குப் பொருத்தமாக இருந்தார்.

ஏணி டிரைவர் சீட்டில் ஏறினான். முழங்கால் ஸ்டீரிங்கில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளினான்.

“பின்னாடி யாரு நிக்கிறது?” என்றார் சைலன்சர்.

“நான் நிக்கறேன்” என்றேன்.

“நீ வேண்டாம் கொசு” என்றான் ஏணி. “நீ வான்னு சொன்னா நான் வரணுமா ஓடணுமான்னு யோசிக்க வேண்டியிருக்கும். அதுக்கு இப்ப நேரமில்லை.”

அக்கா அதற்குள் இறங்கிவிட்டாள். “எப்படிச் சொல்லணும்னு மட்டும் சொல்லுங்க.”

“வந்தா வா. நிக்கணும்னா போதும். சத்தமா. வேற ஒண்ணும் வேண்டாம்.”

“அழகா வான்னு சொல்ல வேண்டாமா?”

ஏணியின் காது சிவந்தது. அவன் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தான். “உங்க கை தெரியற மாதிரி நில்லுங்க” என்று மட்டும் சொன்னான்.

வண்டி பின்னால் நகர்ந்தது. நான் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கக் கண்ணாடியில் அக்கா தெரிந்தாள். பின்னோக்கி நடந்துகொண்டே, கடையில் மேசை துடைக்கும் மஞ்சள் துணியை ஆட்டி ஆட்டி, “வா... வா... வா...” என்றாள். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. முதுகுக்குப் பின்னால் கண்ணாடிகள் ஒன்றோடொன்று முணுமுணுத்தன. ஏணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையையும் பின்சக்கரத்தையும் மட்டும் பார்த்தான். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கி மூக்கு நுனியில் நின்றது. அதைத் துடைக்கக்கூட ஒரு கையை எடுக்கவில்லை.

முதல் வளைவு போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது வளைவில் அவள் பள்ளத்துப் பக்கம் போய் நின்றாக வேண்டியிருந்தது. பக்கக் கண்ணாடியில் ஆள் மறைந்து, குரல் மட்டும் வந்தது.

“வா... வா... இன்னும் வா...”

பிறகு குரல் இல்லை.

“வாடா!” என்றார் சைலன்சர். “போதும் சொல்லலை இல்ல? வா! சரிவுல நிறுத்தினா சரக்கு சாஞ்சிடும், வந்துகிட்டே இரு!”

அது சட்டம். ‘போதும்’ சொல்லும்வரை ‘வா’. அந்தச் சட்டத்தைத்தான் ஏணி இத்தனை நாளும் மனப்பாடமாக வைத்திருந்தான்.

ஏணி பிரேக்கை மிதித்தான். மெதுவாக, கண்ணாடி குலுங்காமல், ஆனால் முழுசாக மிதித்தான்.

“டேய், யாரு உன்னை நிறுத்தச் சொன்னது?”

“அவங்க பேசலை அண்ணே.”

“பேசலைன்னா வான்னு அர்த்தம்!”

“இல்லை அண்ணே. பின்னாடி நிக்கிறவன் வாய் எப்ப அடைச்சுப் போகும்னு எனக்குத் தெரியும்.”

கைப்பிரேக்கை இழுத்தான், வண்டியை கியரில் போட்டு அணைத்தான், சீட்டுக்கு அடியிலிருந்து கட்டையை உருவிக்கொண்டு குதித்தான். பின்சக்கரத்துக்கு ஓடிப்போய்க் கட்டையைச் சொருகி, காலால் இரண்டு உதை விட்டு இறுக்கினான். அதற்குப் பிறகுதான் அந்தப் பக்கம் போனான்.

சாலையின் விளிம்பு பெயர்ந்து போயிருந்தது. அக்கா அதோடு சேர்ந்து இடுப்புவரை இறங்கி, ஒரு புதரின் வேரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சக்கரம் அவள் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இன்னும் ஒரே ஒரு ‘வா’ அளவு வந்திருந்தால் வண்டி, கண்ணாடி, அக்கா, நாங்கள் எல்லாரும் ஒரே வழியாகப் போயிருப்போம்.

விளிம்பு இன்னும் பெயரும் என்று, ஏணி தள்ளியே தரையில் நீட்டிப் படுத்தான். அந்த உயரம் இத்தனை காலம் வாசல்காலில் இடித்துக்கொள்ளத்தான் பயன்பட்டது. வேறு யார் படுத்துக் கை நீட்டியிருந்தாலும் எட்டியிருக்காது. அவனுக்கு எட்டியது. மணிக்கட்டைப் பிடித்தான், இழுத்தான், சாலையின் பாறைப் பக்கமாகக் கொண்டுவந்து உட்கார வைத்தான்.

தண்ணீர் குடித்த பிறகு அக்காவுக்குக் குரல் வந்தது. “போதும்” என்றாள்.

“தண்ணியா?” என்றான் ஏணி.

“இல்லை. அப்ப சொல்ல வேண்டியது. இப்பத்தான் வருது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்காவின் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. “நீங்க வண்டியில உட்காருங்க, தங்கச்சியை நிக்கச் சொல்றேன்” என்றான் ஏணி. அக்கா கேட்கவில்லை. எழுந்து, பாறைப் பக்கமாகவே நடந்துபோய்த் தன் இடத்தில் நின்றாள். முதல் ‘வா’ நடுங்கியது. அடுத்ததெல்லாம் நேராக வந்தது. கல் உடைக்கும் இடத்துக்கு வந்து வண்டி முழுசாக உள்ளே நுழைந்ததும் அவள் சொன்ன ‘போதும்’ எதிர் மலையில் பட்டு இன்னொரு தடவை கேட்டது.

இறங்கியதும் யாரும் யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. அக்கா நேரே சரக்கிடம் போய் ஒவ்வொரு கண்ணாடியையும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றில்கூட விரிசல் இல்லை. ஒன்றில் மட்டும் ஓரத்தில் சின்னக் கீறல். அது என் தேய்ப்புச் சரியில்லாததால் வந்தது என்று என் தலையில் போட்டுவிட்டார்கள்.

ஏணி கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தான். அக்கா அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

“முதல்ல சக்கரத்துக்குக் கட்டை போட்டீங்க. அப்புறம்தான் என்கிட்ட வந்தீங்க.”

ஏணியின் முகம் விழுந்துவிட்டது. “தப்பா நினைக்காதீங்க. கட்டை போடாம வந்திருந்தா, வண்டி நழுவி நேரா உங்க மேலயே...”

“அதைத்தான் நானும் சொல்றேன்” என்றாள் அக்கா. “ரெண்டுல எதையும் மறக்கலை.”

இவனுக்குப் புரியவில்லை. கட்டையைக் கழுவிக்கொண்டே நின்றான். மரக்கட்டையை எவ்வளவு நேரம் கழுவுவது?

“அப்பாகிட்ட எப்ப வரீங்க?” என்றாள் அவள்.

கட்டை அவன் கால்மேல் விழுந்தது. மலையில் விழாத ஆள் அங்கே விழுந்தான்.

அடுத்த வாரம் அக்காவின் வீட்டுக்குப் போனோம். அம்மா இருந்ததிலேயே குறைவாகச் சாம்பல் நிறமாக இருந்த புடவையைக் கட்டிக்கொண்டாள். ஏணிக்குப் பேச வராது என்பதால் பேச வந்தவர் சைலன்சர். காலில் கட்டு, கையில் கம்பு, தொண்டையில் பழைய சத்தம் திரும்ப வந்திருந்தது.

“இந்தப் பையன் என் சட்டத்தை மீறிட்டான்” என்று ஆரம்பித்தார். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நான் வா வான்னு கத்தறேன். இவன் காதுலயே வாங்கலை. இத்தனை வருஷமா வண்டி ஓட்டறேன், அந்த இடத்துல நான் இருந்தா நிறுத்தியிருக்கமாட்டேன். உங்க பொண்ணு இப்ப இங்க நின்னு தண்ணி கொடுக்கிறாள்னா, இவன் என் பேச்சைக் கேட்காததாலதான். இனிமே அந்த ஷெட்டுல சட்டம் இவன் சட்டம். குரல் நின்னா வண்டி நிக்கணும். என் வண்டியும் இனிமே இவன் கையிலதான். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து காத்து வாங்கப் போறேன்.”

கண்ணாடிக் கடைக்காரர் ஏணியை அண்ணாந்து பார்த்தார். “என் பொண்ணு சரின்னு சொல்லிட்டா. அவ எதையும் ரெண்டாம் தடவை சொல்லமாட்டா. ஒரு வேண்டுகோள்தான் தம்பி. மாப்பிள்ளையா வரும்போது நடந்து வா. லாரியில வராதே. மிச்சமிருக்கிறது ஒரே ஒரு ‘கடை’.”

சாலை சரியானதும் அதே சரக்கை அதே மலைக்கு ஏணிதான் ஓட்டிக்கொண்டு போனான். பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் மாட்டி முடிந்து, வெயில் அத்தனையிலும் ஒரே நேரத்தில் அடித்தபோது, கீழே ஊரிலிருந்து பார்த்தவர்கள் மலை கண் திறந்தது என்றார்கள். இன்றைக்கு அந்த ஷெட்டில் புதிதாக வரும் கிளீனர்கள் முதலில் கற்பது ஏணியின் சட்டம். ஆடு மேய்த்துக்கொண்டு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள், இன்றைக்கு அந்தச் சாலையில் போகும்போது மற்ற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து வணக்கம் சொல்கிறார்கள். அவனுடைய தங்கை என்று சொன்னால் டயர்க் கடைக்காரர்கூட எனக்கு ஸ்டூல் போடுகிறார். இதைவிட என்ன வேண்டும்?

இதுவரை எழுதி நிமிர்ந்தால் தாளின்மேல் நீளமாக ஒரு நிழல். ஏணி எப்போது வந்து நின்றான் என்று தெரியவில்லை. நுனிக்காலில் நடக்கக் கற்றுக்கொடுத்தது நான்தானே. தாளைப் பிடுங்கி, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். கடல் வந்த இடத்தில் சிரித்தான். பலகை விழுந்த இடத்தில் பல்லைக் கடித்தான். மலை வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது.

“மஞ்சள் துணியா?”

“ஆமா. கடைத் துணி.”

“அவ கையில துணியே இல்லையே. வெறுங்கையைத்தான் காட்டினா.”

“நான் பார்த்தேன்.”

“எதுல பார்த்த?”

“கண்ணாடியில.”

ஏணி தாளை மடித்து என் தலையில் ஒரு தட்டுத் தட்டினான்.

“வண்டி நகர்ந்த நேரத்துலேர்ந்து நீ என் விலாவுல மூஞ்சியைப் புதைச்சுக்கிட்டு இருந்த, கொசு. கட்டை போட இறங்கறப்ப உன் கையைப் பிரிக்கிறதுக்குள்ள ரெண்டு பித்தான் போச்சு. வழியெல்லாம் ‘அண்ணா அண்ணா’ன்னு முனகினது யாரு? அதை எந்தப் பக்கத்துல எழுதியிருக்கன்னு தேடறேன், காணோமே?”